நகராத கடலடி மலை எப்படி அலையைக் கிளப்புகிறது? (உள்ளலைகள்)

குடியாத்தம் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறேன். போன வாரம் பிளஸ் ஒன் வகுப்பில் அலைகள் பாடம் நடத்தும்போது அந்தமான் கடலின் செயற்கைக்கோள் படம் ஒன்றைக் காட்டினேன். வெயில் பட்டு மின்னும் கடல்பரப்பில் வில் மாதிரி வளைந்த கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு. இவை மேற்பரப்பு அலைகள் இல்லை, கடலுக்கு உள்ளே நடக்கும் உள்ளலைகளின் தடம், கடலடி மேடுகளின் மேல் நீரோட்டம் ஏறி இறங்குவதால் உண்டாகிறவை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், மலை நகரவே இல்லையே. ஏரியில கல்லு போட்டாத்தான் அலை வரும், கல்லு சும்மா கிடந்தா எப்படி சார் வரும்?" என்று கேட்டாள்.

தண்ணீர் நகர்கிறது, மலை நிற்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று சார்பியக்கத்தைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. தண்ணீர் மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடலாமே, அதற்குப் பிறகு எதற்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே போக வேண்டும்? கடலுக்குள் இருப்பதெல்லாம் தண்ணீர்தான், தண்ணீருக்குள் தண்ணீர் எப்படி அலையாகும்? தெரிந்தவர்கள் முதலில் சமன்பாடு இல்லாமல், அப்புறம் சமன்பாட்டோடு சொல்லுங்கள். பள்ளி லேபில் செய்து காட்ட வழி இருந்தால் இன்னும் நல்லது.

ஆற்காடு தென்றல்:

சார், வணக்கம். எனக்கு ஊர் ஆற்காடு, கடலியலில் ஆராய்ச்சி செய்கிறேன், என் வேலையே இந்த அலைகளோடுதான். அந்தப் பெண்ணின் கேள்வி அசலானது, என் முதல் வருடத்தில் நானே கேட்டிருக்க வேண்டியது.

டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருப்பீர்கள். வேகத்தடை வந்ததும் பஸ் ஒரு தூக்கு தூக்குகிறது. வேகத்தடை அதோடு முடிந்துவிட்டது, ஆனால் நாம் முடியவில்லை. ஸ்பிரிங் இருப்பதால் இன்னும் மூன்று நான்கு முறை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகிறோம். நம் தலை காற்றில் வரைந்த கோட்டைப் பார்த்தால் அது ஓர் அலை. அடுத்து அதே வேகத்தில் அதே மாதிரி பஸ் வந்தால் அதுவும் அதே இடத்தில்தான் தூக்கும், அதே இடத்தில்தான் இறங்கும். பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, அலை வேகத்தடைக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

கடலில் அந்த ஸ்பிரிங் எது என்றால், அடர்த்தி. கடல்நீர் ஒரே தண்ணீர் இல்லை சார். மேலே வெயிலில் சூடான, லேசான தண்ணீர். கீழே போகப்போகக் குளிர்ச்சி, உப்பும் மாறுகிறது, கனம் கூடுகிறது. வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே பரவிக் கிடப்பதால் இந்த அடுக்கு இன்னும் அழுத்தமாக இருக்கும். கனமான தண்ணீர் ஒரு கடலடி மேட்டின் மேல் ஏறும்போது லேசான தண்ணீருக்குள் தலையை நீட்டுகிறது. தன்னைச் சுற்றி இருப்பதைவிடத் தான் கனம், அதனால் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இறங்கும் வேகத்தில் தன் மட்டத்தையும் தாண்டிக் கீழே போய்விடுகிறது, இப்போது சுற்றி இருப்பது தன்னைவிடக் கனம், மேலே தள்ளுகிறது. இப்படி ஆடிக்கொண்டே ஓட்டத்தோடு போகிறது. மலை நகர வேண்டியதே இல்லை, தண்ணீரை ஒரு முறை தூக்கிவிட்டால் போதும்.

ஒரு முழு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை அடுக்கின் அழுத்தம் தீர்மானிக்கிறது. அடுக்கு மாறும் இடங்களில் 10 நிமிடம் போல வரும், ஆழ்கடலில் மணிக்கணக்கில் இழுக்கும். அந்த அதிர்வெண்ணை பிரன்ட்-வைசாலா அதிர்வெண் என்பார்கள், N என்று எழுதுகிறோம். ஓட்டத்தின் வேகம் U. ஒரு ஆட்டம் முடிவதற்குள் தண்ணீர் எவ்வளவு தூரம் அடித்துச் செல்லப்படுகிறதோ அதுதான் அலைநீளம், அதாவது 2πU/N. ஆழத்தில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், ஓட்டம் விநாடிக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 600 மீட்டரைத் தாண்டுகிறது. கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புரியும்.

வாணியம்பாடி பாலாறு:

பஸ் உதாரணம் நன்றாக இருக்கிறது அக்கா. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் ஊர் தரைப்பாலம் முழுகிப் போய்விட்டது, கரையில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பாலம் இருந்த இடத்தைத் தாண்டியதும் தண்ணீர் வழவழவென்று ஒரு பள்ளத்தில் இறங்கி, அப்புறம் ஒரு திண்டு மாதிரி எழும்பி அங்கேயே நின்றது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, கட்டைகளும் செடிகளும் அதன்மேல் ஏறி இறங்கிப் போகின்றன, திண்டு மட்டும் ஒரு அடிகூட நகரவில்லை. நீங்கள் சொல்வது இதுதானே?

ஆனால் ஒரு சந்தேகம். அலை மேட்டுக்குப் பின்னாலேயே நின்றால், வாத்தியார் காட்டிய படத்தில் கோடுகள் அந்தமான் நிக்கோபார் தீவுகளை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எப்படி இருக்கின்றன? நிற்கிற அலை அவ்வளவு தூரம் எப்படிப் போனது? இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்.

ஆற்காடு தென்றல்:

தரைப்பாலம் அருமையான உதாரணம் தம்பி, அங்கே தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் நடந்தது, கடலில் தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடக்கிறது. அந்தத் திண்டு சும்மா நின்றதாக நினைக்காதீர்கள். அது மேலாறு நோக்கி ஏறப் பார்த்துக்கொண்டே இருந்தது, ஆறு அதே வேகத்தில் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டும் சரிக்குச் சரி என்பதால் கண்ணுக்கு நின்ற மாதிரி இருந்தது.

இப்போது ஆறு திடீரென்று ஓய்ந்துவிட்டால்? தள்ளுவதற்கு ஆள் இல்லை, அலை மேலாறு நோக்கிக் கிளம்பிவிடும். பாலாற்றில் அது நடக்காது, கடலில் தினமும் நடக்கும், ஏனென்றால் அங்கே ஓட்டம் பெரும்பாலும் ஓதத்தால், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தால் வருவது. ஆறு மணி நேரம் ஒரு பக்கம், ஆறு மணி நேரம் மறு பக்கம். ஜிப்ரால்டர் நீரிணையில் இதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம். மத்தியதரைக் கடலின் உப்பான, கனமான தண்ணீர் அடியில் அட்லாண்டிக் பக்கம் வெளியேறுகிறது, அட்லாண்டிக்கின் லேசான தண்ணீர் மேலே உள்ளே வருகிறது. நடுவில் கமரினல் என்கிற கடலடி மேடு, மேற்பரப்பிலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில். ஓதம் அட்லாண்டிக் பக்கம் இழுக்கும்போது மேட்டுக்கு மேற்கே இரண்டு தண்ணீருக்கும் இடைப்பட்ட மட்டம் பெரிய பள்ளமாக இறங்கி நிற்கும். ஓதம் தளர்ந்ததும் அந்தப் பள்ளம் மேட்டைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் ஓடுகிறது. ஓட ஓட ஒரே பள்ளமாக இருந்தது பல அலைகளாகப் பிரிகிறது. விண்வெளி வீரர்கள் எடுத்த படங்களில் ஜிப்ரால்டருக்குக் கிழக்கே வளைவு வளைவாகத் தெரிவது இவைதான்.

ஆக, நிற்பதும் சரி, ஓடுவதும் சரி. ஓட்டம் உள்ளவரை நிற்கும், ஓட்டம் விட்டால் ஓடும்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள், இதை நானே ரொம்ப நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவில் உள்ள லூசான் நீரிணையில் வடக்கு தெற்காக இரண்டு கடலடி மலைத்தொடர்கள் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் அலைகள்தான் தென்சீனக் கடலின் பெரிய உள்ளலைகள். அவையும் மேட்டுக்குப் பின்னால் தேங்கி, ஓதம் தளர்ந்ததும் கிளம்புகிறவை என்றுதான் பலர் எண்ணினார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் கப்பல்களோடும் மிதவைகளோடும் அங்கேயே கிடந்து அளந்து, 2015-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அங்கே அலை பிறக்கும்போது சாதுவான, அகலமான ஓத அலையாகத்தான் பிறக்கிறது, மேற்கே போகப் போகத்தான் செங்குத்தாகிக் கூர்மையாகிறது. அதே நேரம் மலைத்தொடரின் மேலேயே 200 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அலைகள் உடைந்து நொறுங்குகின்றன, திறந்த கடலில் இருப்பதைப் போல 10,000 மடங்குக்கும் மேற்பட்ட கலக்கம் அங்கே நடக்கிறது. மேட்டின் உயரம், சரிவு, ஓட்டத்தின் வேகம், அடுக்கு, இந்த நான்கும் சேர்ந்துதான் எந்த வழி என்று முடிவு செய்கின்றன.

காட்பாடி மாலுமி:

நான் வணிகக் கப்பலில் வேலை பார்க்கிறேன், லீவில் காட்பாடி வந்திருக்கிறேன். வாத்தியார் காட்டிய படத்தில் இருப்பதை மேலே நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

மூன்றாம் அதிகாரியாக இருந்த காலத்தில் அந்தமான் கடலைக் கடந்து மலாக்கா நீரிணையின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தோம். காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி. காலை வாட்ச். ரேடாரில் முன்னால் ஒரு நீளக் கோடு விழுந்தது. மழையாக இருக்கும் என்று வெளியே பார்த்தால் வானம் வெறுமையாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரிந்தது, தொடுவானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குள் மட்டும் தண்ணீர் குதித்துக் குதித்து உடைகிறது. பட்டைக்கு முன்னாலும் அமைதி, பின்னாலும் அமைதி. உள்ளே நுழைந்தபோது சலசலவென்று ஓடைச் சத்தம் கேட்டது, நடுக்கடலில் ஓடைச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் தாண்டிவிட்டோம். அடுத்து கண்ணாடி போல் வழவழப்பான ஒரு பட்டை. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு வெள்ளைக் கோடு, முன்னதைவிட மெலிந்தது. அப்புறம் இன்னொன்று, அதைவிட மெலிந்தது.

கேப்டன்தான் சொன்னார், இது மேல் அலை இல்லை, கீழே பெரிய அலை போகிறது, அதன் முதுகில் இதெல்லாம் நடக்கிறது என்று. அன்றைக்கு முழுசாக நம்பவில்லை. பிறகு படித்தேன். இந்தக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல்கள் வேலை செய்தபோது, கீழே தொங்கும் குழாய்களை இந்த ஓட்டம் ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளுவதால் அதைப் புரிந்துகொள்ள அளந்து பார்த்திருக்கிறார்கள், 1980-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதற்கும் முன்னால் 1965-இலேயே சுமாத்ராவுக்கு வடமேற்கே 80 மீட்டர் உயர உள்ளலைகளை அளந்திருக்கிறார்கள். 80 மீட்டர் என்றால் இருபத்தைந்து மாடிக் கட்டடம், எங்கள் கப்பலுக்கு அடியில்.

தென்றல் அக்காவிடம் இரண்டு கேள்வி. கீழே 80 மீட்டர் என்றால் கப்பலும் தூக்கிப் போட்டிருக்க வேண்டாமா? எங்களுக்கு ஒன்றும் தெரியவே இல்லை. அப்புறம், பெரிய பட்டை முன்னால், சின்னது பின்னால் என்று வரிசை கட்டி வந்தது தற்செயலா?

ஆற்காடு தென்றல்:

நீங்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், நான் கணினித் திரையில் பார்ப்பதோடு சரி. சலசல சத்தத்தை எந்தக் கட்டுரையில் படித்தாலும் இப்படி மனதில் நிற்காது.

தூக்கிப் போடாததற்குக் காரணம் அடர்த்தி வித்தியாசம் மிகச் சிறியது. மேல் தண்ணீருக்கும் கீழ் தண்ணீருக்கும் நூற்றில் கால் பங்கு, அரைப் பங்கு அளவில்தான் வித்தியாசம். மேல் அலைக்குப் புவியீர்ப்பு முழு பலத்தோடு வேலை செய்யும், உள்ளலைக்கு அந்தச் சின்ன வித்தியாசத்தின் பலம் மட்டும்தான். அதனால் குறைந்த சக்தியிலேயே மிக உயரமாக எழும்ப முடிகிறது, அதே காரணத்தால் மிக மெதுவாகப் போகிறது, விநாடிக்கு 2 மீட்டர் அளவில், வேகமாக நடக்கும் ஆள் கூடவே வரலாம். உள்ளே 60 மீட்டர் எழும்பும் அலைக்கு மேற்பரப்பு ஒரு சாண்கூட உயராது. அதுவும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலத்தில் பரவி. கப்பலில் எப்படித் தெரியும்?

அப்புறம் எப்படி செயற்கைக்கோளுக்குத் தெரிகிறது என்றால், நீங்கள் பார்த்த பட்டையால்தான். உள்ளலை போகும்போது மேல் தண்ணீர் சில இடத்தில் ஒன்றுகூடி நெருக்கும், சில இடத்தில் விலகும். நெருக்கும் இடத்தில் சிற்றலைகள் குவிந்து உடையும், விலகும் இடத்தில் வழவழப்பாகும். வெயில் இரண்டிலும் வேறு வேறு மாதிரி திரும்புகிறது. 1975-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து நடத்திய அப்பல்லோ-சோயுஸ் விண்வெளிப் பயணத்தில் எடுத்த படங்களிலேயே அந்தமான் கடலில் இந்தக் கோடுகள் இருக்கின்றன.

வரிசை தற்செயல் இல்லை. இந்த அலைகளில் பெரியது வேகமாகப் போகும். ஒன்றாகக் கிளம்பினாலும் போகப்போகப் பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று தானே பிரிந்துகொள்ளும். அலை வடிவம் குலையாமல் போவதால் சாலிட்டான் என்கிறோம்.

காட்பாடி மாலுமி:

நன்றி. நீர்மூழ்கிக்காரர்களுக்கு இது விளையாட்டு இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். கப்பல் மேலே மிதக்கிறது, அவர்கள் அந்த அடுக்குக்குள்ளேயே போகிறார்கள். அலையோடு சேர்ந்து கீழே இறங்கும்போது சுற்றி உள்ள தண்ணீர் லேசாகிவிட்டால் மிதப்பு குறையும். 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் நங்கலா நீர்மூழ்கி 53 பேரோடு மூழ்கிப் போனது, 838 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் லோம்போக் நீரிணை, உள்ளலைக்குப் பேர் போன இடம். உள்ளலை இழுத்திருக்கலாம் என்று பேச்சு வந்தது, அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் நான் கடலில்தான் இருந்தேன், மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏலகிரி மேகம்:

எனக்குக் கடல் தெரியாது, மலை தெரியும். காற்றும் அடுக்கடுக்காகத்தானே இருக்கிறது? ஏலகிரியில் சில விடியற்காலையில் மலைக்கு ஒரு பக்கமாக மேகம் மூடிய தட்டு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். காற்று நன்றாக அடிக்கும், மேகம் நகராது. இதுவும் அதுதானா?

ஆற்காடு தென்றல்:

அதே கணக்குதான் அண்ணா. காற்று மலையைத் தாண்டி ஆடிக்கொண்டே போகிறது, ஆட்டத்தின் உச்சியில் குளிர்ந்து ஈரம் மேகமாகிறது, இறங்கும்போது மேகம் கரைகிறது. ஒரு முனையில் பிறந்துகொண்டும் மறு முனையில் கரைந்துகொண்டும் இருப்பதால் நின்ற மாதிரி தெரிகிறது. நீங்கள் பார்த்த ஒவ்வொன்றும் அதுதானா என்று இங்கிருந்தே சொல்ல முடியாது, மலைமேல் சும்மா படியும் மேகமும் உண்டு. காற்று மலையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில், மலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி மேகம் நின்றால் நிச்சயம் கவனியுங்கள்.

மலை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை ரொம்ப உயரமானால் தண்ணீர் ஏறவே ஏறாது. மேலே சொன்ன ஆழ்கடல் எண்களையே எடுத்துக்கொண்டால் U/N என்பது 100 மீட்டர். விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் வரும் தண்ணீரிடம் ஏறக்குறைய 100 மீட்டர் ஏறத்தான் தெம்பு இருக்கிறது. எதிரே 1,000 மீட்டர் மலை இருந்தால், உச்சிக்கு அருகே வரும் தண்ணீர் மட்டும்தான் தாண்டும். மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டு போகும், அல்லது மலைக்கு முன்னால் தேங்கி நிற்கும். இரண்டு மலைகளில் உயரமானதுதான் பெரிய அலையைத் தரும் என்று சொல்ல முடியாது, அதில் எவ்வளவு உயரத்தைத் தண்ணீர் ஏறித் தாண்டுகிறது என்பதுதான் கணக்கு.

வாணியம்பாடி பாலாறு:

இதனால் என்ன பயன் என்று கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். அலை கடலுக்குள் பிறந்து கடலுக்குள் அடங்கிவிடுகிறது. கரையில் இருக்கிறவனுக்கே தெரியாது, கடலே இல்லாத நம் ஊர்ப்பக்கத்துக்கு என்ன?

ஆற்காடு தென்றல்:

தப்பே இல்லை, நான் இந்த வேலைக்கு வந்ததே இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

துருவப் பகுதியில் குளிர்ந்த தண்ணீர் கனமாகி ஆழத்துக்கு இறங்குகிறது, இடைவிடாமல். இறங்கிக்கொண்டே இருந்தால் கடல் முழுக்க அந்தக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பி, மேலே மட்டும் மெல்லிசாக ஒரு சூடான தோல் இருக்க வேண்டும். அப்படி இல்லை. சூடு கீழே போகிறது, குளிர்ந்த தண்ணீர் மெல்ல மேலே வருகிறது. யாரோ கலக்குகிறார்கள். வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர் 1966-இல் அந்தக் கலக்கலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போட்டார். ஆனால் நடுக்கடலில் போய் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதி எங்கே என்று தேடினார்கள்.

1990-களில் தென் அட்லாண்டிக்கில், பிரேசிலுக்குக் கிழக்கே அளந்தபோது விஷயம் வெளியே வந்தது. கடலடி சமதளமாக இருக்கும் இடத்தில் கலக்கம் மிகக் குறைவு. மத்திய அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான தரைக்கு மேலே பல மடங்கு அதிகம், அதுவும் தரையிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் மேல் வரை. நீரோட்டம் அந்தக் கரடுமுரடில் ஏறி இறங்குவதால் உள்ளலைகள் பிறந்து, மேலே போய் உடைகின்றன. உடையும்போது தண்ணீர் கலக்கிறது. கடலடி மேடு பள்ளம்தான் கடல் முழுவதையும் கலக்கும் மத்து.

உலகத் தட்பவெப்பத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். இந்த அலைகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிக் காணாமல் போகின்றன, அதனால் கலக்கத்தைத் தனியாக ஒரு சூத்திரத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றினால் கடல் எவ்வளவு சூட்டை விழுங்கும் என்ற பதிலே மாறுகிறது. மழை எங்கே எப்போது என்பது அந்தச் சூட்டோடு கட்டிப்போட்ட விஷயம். பாலாறு வருடத்தில் எத்தனை நாள் ஓடும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் பங்கு இல்லையா தம்பி?

இன்னொரு அதிசயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் பக்கச் சட்டத்தில் பட்டால் எந்தக் கோணத்தில் போனதோ அதே கோணத்தில் திரும்பும், சட்டம் சாய்வாக இருந்தால் அதற்கேற்ப மாறும். உள்ளலை அப்படித் திரும்பாது. அதன் கோணம் செங்குத்துக் கோட்டோடு கட்டுண்டது, அதிர்வெண் ஒன்றே அதைத் தீர்மானிக்கும், சுவர் எப்படிச் சாய்ந்திருந்தாலும் அதே கோணத்தில்தான் திரும்பும். அதனால் சரிவான கடலடியில் பட்டுத் திரும்பும்போது அகலமான கற்றை குறுகலாக நசுங்கிப் பலம் கூடும். சரிவும் கற்றையும் ஒரே சாய்வில் அமைந்துவிட்டால் சக்தி அந்தச் சரிவிலேயே குவிந்து உடையும். 1967-இல் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓர் உருளையை ஆட்டிப் படமெடுத்தார்கள், அலை வட்டமாகப் பரவாமல் பெருக்கல் குறி மாதிரி நான்கு கற்றைகளாகப் போனது. முகடுகள் கற்றை போகும் திசையில் நகராது, குறுக்கே நகரும். சக்தி மேலே ஏறும்போது முகடுகள் கீழே இறங்குவதாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது வீடியோவைத் தலைகீழாக ஓட்டிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன்.

ராணிப்பேட்டை உப்பு:

வாத்தியார் லேபில் செய்து காட்ட வழி கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தோல் பதனிடும் டேனரியில் கெமிக்கல் பிரிவில் இருபது வருடம். உப்புத் தண்ணீரோடுதான் பிழைப்பு. பிக்கிள் போடும்போது, அதாவது தோலை உப்பும் ஆசிட்டும் சேர்ந்த தண்ணீரில் ஊற வைக்கும்போது, தண்ணீரில் உப்பு 6, 7 டிகிரி பாமே (உப்புச் செறிவைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆசிட் பட்டுத் தோல் ஊதிவிடும். புதிதாக வரும் பையன்கள் உப்பைக் கொட்டிவிட்டுக் கலக்காமல் மேலாக மோந்து பாமே மீட்டரைப் போடுவார்கள், மேலே 3 காட்டும், அடியில் 7 இருக்கும். கலக்காத வரை மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். நீங்கள் பேசும் அடுக்கு எங்களுக்குத் தினசரித் தலைவலி.

மூன்றடி மீன் தொட்டி ஒன்று வாங்குங்கள். 12 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் 32 லிட்டர் வரும். லிட்டருக்கு 20 கிராம், மொத்தம் 650 கிராம் கல்லுப்பு. தனி வாளியில் கரைத்து ஒரு ராத்திரி தெளிய வையுங்கள், கல்லுப்பில் மண் இருக்கும். பாமே மீட்டரில் 2 காட்டும். கொஞ்சம் கேசரி பவுடர் போட்டுத் தொட்டியில் ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு ஸ்பான்ஜை மிதக்க விட்டு, மெல்லிய ட்யூபில் சாதாரணத் தண்ணீரை ஸ்பான்ஜ் மேல் சொட்ட விடுங்கள். அவசரப்பட்டால் கலந்துவிடும். 8 செ.மீ. நன்னீர் ஏற ஒரு மணி நேரம் ஆகட்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆரஞ்சும் வெள்ளையும் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். அப்புறம் நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, தொட்டியின் அகலத்துக்கு வெட்டி, கவிழ்த்துப் போட்டால் மலை. இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பு கட்டி இழுங்கள். மலை நகர்ந்தால் என்ன, தண்ணீர் நகர்ந்தால் என்ன, கணக்கு ஒன்றுதானே.

குடியாத்தம் வாத்தியார்:

அண்ணா, அப்படியே செய்தோம். அடுக்கு அழகாக வந்தது, பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். ஆனால் அலை வரவில்லை. பைப்பை இழுத்தால் அதன்மேல் ஆரஞ்சு ஒரு முறை எழும்பி இறங்குகிறது, பின்னால் புகை மாதிரி கலங்கிப் போகிறது, அவ்வளவுதான். மூன்று முறை இழுத்ததில் மேல் தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது. கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் நரம்பைப் பிடித்திருந்தாள், அவள் முகம் வாடிவிட்டது.

ஆற்காடு தென்றல்:

எவ்வளவு நேரத்தில் இழுத்தீர்கள் சார்?

குடியாத்தம் வாத்தியார்:

ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று விநாடி இருக்கும்.

ஆற்காடு தென்றல்:

அதுதான் விஷயம். உங்கள் தொட்டிக்குக் கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 20 கிராம் உப்பு என்றால் அடர்த்தி வித்தியாசம் சுமார் 1.4 சதவீதம். 9.8-ஐ அதனால் பெருக்கினால் 0.14. மேல் அடுக்கு 0.08 மீட்டர், கீழ் அடுக்கு 0.12, இரண்டையும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.048. 0.14-ஐயும் 0.048-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 8 செ.மீ. உங்கள் தொட்டியில் உள்ளலை அதற்குமேல் போக முடியாது. நீங்கள் 30 செ.மீ. வேகத்தில் இழுத்திருக்கிறீர்கள். அலையால் பைப்பைப் பிடிக்கவே முடியவில்லை. ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்து வருவதை ஃப்ரூடு எண் என்போம், உங்களுக்கு அது கிட்டத்தட்ட 4. ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். அதே தொட்டியில் மேற்பரப்பு அலை 1.4 மீட்டர் வேகத்தில் ஓடும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பதினேழு மடங்கு வித்தியாசம்.

16 விநாடியில் இழுங்கள். ஒரே சீராக, கை நடுங்காமல். பைப்புக்குப் பின்னால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் முகடு வர வேண்டும்.

ராணிப்பேட்டை உப்பு:

சைக்கிள் பெடலைக் கழற்றிவிட்டு அந்த அச்சில் நரம்பைச் சுற்றினால் சீராக வரும். தண்ணீரை முழுசாக மாற்றிவிடுங்கள், கலங்கினது தெளியாது.

குடியாத்தம் வாத்தியார்:

வந்துவிட்டது!

நேற்று சனிக்கிழமை, பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். தண்ணீர் மாற்றி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்திருந்தோம். ஒரு மாணவன் அச்சைச் சுற்ற, இன்னொருவன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து விநாடி எண்ணினான். முதல் ஓட்டம் 14 விநாடி, இரண்டாவது 17. இரண்டிலும் பைப்புக்குப் பின்னால் ஆரஞ்சு மட்டம் முதலில் ஆழமாகக் குழிந்தது, அப்புறம் மேடாக எழும்பியது, மறுபடி குழிந்தது, மறுபடி லேசாக ஒரு மேடு. ஸ்கேலை வைத்துப் பார்த்தோம், இரண்டு முகட்டுக்கும் நடுவில் 27 செ.மீ. மேலே தண்ணீர் அசைந்த மாதிரியே இல்லை. பைப் நின்ற பிறகும் முகடு பைப்பைத் தாண்டி முன்னால் போய், கண்ணாடியில் மோதித் திரும்பியது. ஜிப்ரால்டர், ஜிப்ரால்டர் என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கேள்வி கேட்ட பெண் வீட்டிலிருந்து முகப்பவுடர் டப்பா கொண்டுவந்திருந்தாள். மாலுமி அண்ணா எழுதின பட்டையைப் படித்திருக்கிறாள் போல. மிக மெலிதாகத் தண்ணீர்மேல் தூவிவிட்டு, தொட்டிக்கு மேலே செல்போனைப் பிடித்து வீடியோ எடுக்கச் சொன்னாள். ஓடும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பவுடர் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, தொட்டியின் குறுக்கே இரண்டு மங்கலான வெள்ளைக் கோடுகள். செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சார், பைப்பை இன்னும் உயரமாக்கினா தண்ணி ஏறாம நிக்குமா?" என்றாள்.

ஆறு இஞ்ச் பைப் எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை இழுக்கிறோம், அளவுகளை இங்கேயே போடுகிறேன்.